காண வந்தோரும் காணப்பட்டோரும்: சான்பிரான்சிஸ்கோ நகர வரலாற்றில் ஓர் இயல்

சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கின்றான். மணி விற்கும் வீதி, பொன் விற்கும் வீதி, துகில் விற்கும் வீதி, கூலம் குவிந்த வீதி என ஒவ்வொன்றாக அவன் கண்முன் விரிகின்றன. புதிதாய் வந்தவன் ஒருவனின் கண்கொண்டு நகரைக் காட்டுதல் தமிழ்ப் புலவர்க்குக் கைவந்த நெறி. ஆயினும், அவ்வீதிகளிற் கடை விரித்திருந்தோர் தம்மை வியந்து நோக்கி நின்ற அப்புதியவனைப் பற்றி என்ன நினைத்தனர் என்பதனைக் காப்பியம் கூறவில்லை. அவனைத் தன் தேவைக்கேற்ப எடைபோட்டுப் பார்த்த மதுரைவாசியாகக் காப்பியம் காட்டுபவன் பொற்கொல்லன் ஒருவனே.

இக்குறை சிலப்பதிகாரத்துக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கணும் பயண இலக்கியம் பயணிகளால் எழுதப்பட்டது. பார்க்கப்பட்டவர்கள் எழுதியது மிகச் சொற்பம். வந்தவன் தான் கண்டதை நூலாக்கினான். இருந்தவன் வந்தவனைக் கண்டு நகைத்தான். அந்நகைப்பு அடுக்களையிலும் கடைத்திண்ணையிலும் பிறந்து அங்கேயே மறைந்தது. எனவே, ஒரு நகரவாசி தன் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் உல்லாசப் பயணியை எவ்வாறு நோக்கினான் என்பதனை அறிய விரும்பும் வரலாற்று மாணவன் நூல்களை மாத்திரம் நம்பியிருத்தல் இயலாது. நீதிமன்றத் தீர்ப்புகள், கட்டடங்களின் கூரைகள், பஸ் வண்டிகளின் வழித்தடங்கள் ஆகியனவும் அவனுக்குச் சான்றாதல் வேண்டும். இத்தகைய ஆய்வுக்கு ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான்பிரான்சிஸ்கோ நகரம் சிறந்ததொரு களமாகும். அங்கு சில மைல் தூரத்துள் அடங்கிய மூன்று குடியிருப்புப் பகுதிகள், சீனர் பேட்டை, நோர்த் பீச், ஹெய்ற் ஆஷ்பரி என்பன, வெவ்வேறு காலங்களிலே காட்சிப் பொருளாயின. மூன்றிலும் குடியிருந்தோர் நகைத்தனர். ஆனால், அந்நகைப்பு மூன்றிடத்தும் ஒரே தன்மையது அன்று.

1. இருப்புப்பாதை கொணர்ந்த விருந்தினர்

1848ஆம் ஆண்டு கலிபோர்ணியாவிலே பொன் கண்டுபிடிக்கப்பட்டதும், தென் சீனத்தின் குவாங்டொங் மாகாணத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து வந்தனர். அந்நாட்டை அவர்கள் ‘தங்கமலை’ என்று அழைத்தனர். துறைமுகத்தை அடுத்திருந்த போர்ட்ஸ்மத் சதுக்கத்தைச் சூழ அவர்களுடைய கடைகளும் விடுதிகளும் சங்கங்களும் கோயில்களும் தோன்றின. டியூபொன்ட் வீதி அப்பகுதியின் முதுகெலும்பாயிற்று.

1869ஆம் ஆண்டு மே மாதம் கண்டத்தின் இரு கரைகளையும் இணைக்கும் இருப்புப்பாதை நிறைவெய்தியது. அதன் மேற்குப் பகுதியைச் சியரா நெவாடா மலைகளைக் குடைந்து அமைத்தோரிற் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர். அவர்களின் தொகை பத்தாயிரத்தையும் தாண்டியது. அப்பாதையின் பயன் ஒன்றினை அவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். முன்னர் பல மாதப் பயணமாயிருந்தது சில நாட் பயணமாகச் சுருங்கவே, கிழக்குக் கரைச் செல்வந்தர் பொழுதுபோக்குக்காக மேற்கு நோக்கி வரலாயினர். வந்தோர் காண விரும்பிய காட்சிகளுள் முதன்மையானது சீனர் பேட்டை. தம்மைக் காட்சிப் பொருளாகக் காண வந்தோருக்குத் தாமே பாதை சமைத்துக் கொடுத்தோர் என்ற விசித்திரப் பெருமை அத்தொழிலாளருக்கு உரியதாயிற்று.

அவர்களைக் காண விரும்பிய அதே சமூகம் அவர்கள் அங்கு இருப்பதை விரும்பவில்லை என்பது இவ்விடத்தில் மனங்கொள்ளத்தக்கது. தோளிற் காவடித்தண்டு சுமந்து நடைபாதையிற் செல்லல் ஆகாது என்று 1870இல் நகரசபை விதி செய்தது. ஒருவருக்கு 500 கன அடி காற்று இல்லாத அறையில் உறங்குதல் குற்றம் என்றும் அதே ஆண்டில் விதிக்கப்பட்டது. உறங்கியோர் அதனிலும் நெருக்கமான சிறைக்கூடங்களில் அடைக்கப்பட்டனர். 1877 யூலை மாதக் கலவரத்திலே சீனரின் சலவைக் கடைகள் தாக்கப்பட்டன. 1882இல் சீனத் தொழிலாளரின் வருகையைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கக் கொங்கிரஸ் நிறைவேற்றியது. ஓர் இனத்தவரைப் பெயர் சுட்டித் தடுத்த அச்சட்டம் 1943 வரை நீடித்தது. 1885இல் நகர மேற்பார்வையாளர் சபை சீனர் பேட்டையின் படமொன்றை வெளியிட்டது. சூதாட்ட நிலையம், அபினிக் கூடம், விலைமாதர் இல்லம், கோயில் என ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறம் தீட்டப்பட்ட அப்படம் அப்பகுதியை ஒழித்தற்கான சான்றாகத் தயாரிக்கப்பட்டதாகும். எனினும் அதில் நிறந்தீட்டிக் காட்டப்பட்டவற்றையே உல்லாசப் பயணிகளும் விரும்பிக் காணச் சென்றனர். கண்டித்தோரும் களித்தோரும் பேட்டையிற் கண்டவை ஒன்றே.

2. இரவுச் சுற்றுலாவும் நாடக மேடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் சீனர் பேட்டையை இரவிற் சுற்றிக்காட்டுதல் ஒரு தொழிலாகவே வளர்ந்தது. வழிகாட்டிகள் பெரும்பாலும் வெள்ளையர். அவருட் சிலர் முன்னாட் பொலிஸார். இன்னாரைக் கூட்டிச் சென்றால் இன்னின்ன அச்சங்களைக் காட்ட வேண்டும் என்பதை அவர்கள் நன்கறிவர். பயணிகள் அபினிக் கூடத்தை எதிர்பார்த்தனர். ஆகவே, அபினி புகைப்போராக நடிப்பதற்கு ஆட்கள் கூலிக்கு அமர்த்தப்பட்டனர். குருதி சிந்தும் சண்டையை எதிர்பார்த்தனர். ஆகவே, கத்திச் சண்டைகளும் ஒழுங்கு செய்யப்பட்டன. பயணி நடுங்கியவாறு விடுதிக்குத் திரும்பினான். ‘அபினிக்காரன்’ அன்றைய கூலியைப் பெற்றுக்கொண்டு இராச்சாப்பாட்டுக்குச் சென்றான். அவ்விரவின் நிகழ்ச்சியைப் பற்றி இருவருள் எவன் மற்றவனிடம் நகைச்சுவையாகக் கதை சொல்லியிருப்பான் என்பதை ஊகித்தல் கடினமன்று.

பயண நூலாசிரியர்களும் இம்மேடைக்குத் தத்தம் பங்கை அளித்தனர். 1889இல் அங்கு சென்ற றுட்யாட் கிப்ளிங் வீதிக்குக் கீழே பல தட்டுகள் இறங்கிச் சென்றதாகவும், அடித்தளத்தில் சூதாட்டத்தின்போது கொலையொன்றைக் கண்டதாகவும் எழுதினார். சீனர் பேட்டையின் அடியிற் சுரங்கப் பாதைகளாலான மற்றொரு நகரமே உண்டென்பது அக்காலத்திற் பரவலான நம்பிக்கை. 1906இல் பேட்டை முழுவதும் எரிந்து நிலமட்டமானபோது சாதாரண நிலவறைகளே வெளிப்பட்டன. நிலத்தடி நகரம் எதுவும் தென்படவில்லை. எனினும் அந்நம்பிக்கை அழியவில்லை. காண விரும்பியதைக் கண்டே தீர்வது என்று வந்தவனுக்கு நெருப்பும் மறுப்புச் சான்றாகாது போலும்.

இதற்குப் புறநடையாக அமைந்தவர் ஒஸ்கார் வைல்ட். 1882இல் அந்நகருக்குச் சென்ற அவர், தாம் தங்கிய ஆடம்பர விடுதியிலே தடித்த முரட்டுக் கோப்பையிற் பானம் பரிமாறப்பட்டதையும், சீனக் கூலித் தொழிலாளரோ பூவிதழ் போன்ற மெல்லிய பீங்கானிலே தேநீர் அருந்தியதையும் ஒப்பிட்டுக் கூறினார். சீனர் பேட்டையிலிருந்து தம் நாகரிகத்தைத் திரும்பிப் பார்க்க முடிந்த பயணிகள் மிகச் சிலருள் அவர் ஒருவர்.

பேட்டைவாசிகள் எல்லோரும் நடிக்க உடன்பட்டனர் என்று கருதுதல் தவறு. பெரும்பாலோர் கதவடைத்தனர், முகந்திருப்பினர். ஜேர்மனியிலிருந்து வந்த ஆர்னல்ட் ஜென்தே என்பவர் 1895ஆம் ஆண்டு முதலாகச் சிறிய புகைப்படக் கருவியொன்றை மறைத்து வைத்துக்கொண்டு அப்பகுதியைப் படம் பிடித்தார். கருவியைக் கண்டதும் மக்கள் விலகியோடியமையால், வாயில்களின் நிழலில் அவர் மறைந்து காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பின்னர் வெளியிட்ட படங்கள் சிலவற்றில் ஆங்கிலப் பெயர்ப்பலகைகளும் வெள்ளையரின் உருவங்களும் சுரண்டி அகற்றப்பட்டிருந்தமையைப் பிற்கால ஆய்வாளர் நிறுவியுள்ளனர். தூய சீனத்தைக் காண வந்த கண் தன்னையே படத்திலிருந்து நீக்கிக்கொண்டது. ஆனால் அன்று அவ்வீதியில் நின்ற சீனருக்கு, வாயில் நிழலிற் பதுங்கி நின்ற வெள்ளையரே மிகவும் வேடிக்கையான காட்சியாக இருந்திருப்பார். காந்தோனியப் பேச்சில் வெள்ளையரைக் குறிக்கப் ‘பேய்’ எனப் பொருள்படும் சொல்லொன்று சாதாரணமாக வழங்கியது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

3. சாம்பலிலிருந்து எழுந்த முகப்பு

1906 ஏப்பிரல் 18ஆம் திகதி அதிகாலை 5.12 மணிக்குச் சான்பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து மூன்று நாட்கள் எரிந்த நெருப்பிலே சீனர் பேட்டை முற்றாக அழிந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர், 1900ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, நகரில் ஏறக்குறைய 14,000 சீனர் வாழ்ந்தனர். வீடிழந்தோர் ஒரு முகாமிலிருந்து மற்றொரு முகாமுக்கு மாற்றி மாற்றி அனுப்பப்பட்டு, ஈற்றில் இராணுவ நிலத்தின் ஒதுக்குப்புறத்தில் விடப்பட்டனர். அவ்வேளையில் எரிந்த பேட்டைக்குள் நுழைந்தோர் யாவர்? உருகிய பீங்கான்களையும் வெண்கலப் பாத்திரங்களையும் ‘நினைவுப் பொருள்’ எனக் கிளறி எடுத்துச் சென்றோருள் நன்றாக உடுத்த சீமான்களும் சீமாட்டிகளும் இருந்தனர். உல்லாசப் பயணத்துக்கும் கொள்ளைக்கும் இடைப்பட்ட எல்லைக்கோடு அந்நாட்களிற் புகையில் மறைந்திருந்தது.

நகரத் தலைவர்கள் சிலர் நீண்டகாலம் விரும்பியிருந்ததை நெருப்பு நிறைவேற்றிக் கொடுத்தது. நகர மத்தியிலிருந்த பெறுமதிமிக்க அந்நிலத்திற் சீனரை மீண்டும் குடியேறவிடாது, தெற்கு ஓரத்திலுள்ள ஹண்டர்ஸ் பொயின்ற் என்னுமிடத்துக்கு அவர்களை அப்புறப்படுத்துதற்குக் குழுவொன்று அமைக்கப்பட்டது. சீனர் பணிந்து போகவில்லை. சீனத் தூதரகம் தன் அலுவலகத்தைப் பழைய இடத்திலேயே கட்டப்போவதாக அறிவித்தது. கீழைத்தேய வாணிகம் வேறு துறைமுகங்களுக்குச் சென்றுவிடும் என்ற எச்சரிக்கையும், உயர்ந்த வாடகையை இழக்க விரும்பாத வெள்ளை நிலவுடைமையாளரின் கணக்கும் அவர்களுக்குத் துணைநின்றன. எனினும், மீண்டும் ‘அழுக்குப் பேட்டை’ என்ற பழி எழாதிருத்தல் எவ்வாறு என்ற வினா எஞ்சியிருந்தது.

அவ்வினாவுக்கு விடை கண்ட வர்த்தகர்களின் முன்னணியில் நின்றவர் லுக் டின் ஈலை. அவருடைய வாழ்க்கையே ஒரு வரலாற்று ஆவணம் எனலாம். கலிபோர்ணியாவின் மெண்டசினோவிற் பிறந்த அவர், கல்வியின் பொருட்டுச் சீனம் சென்று 1884இல் திரும்பியபோது கப்பலிலிருந்து இறங்க அனுமதிக்கப்படவில்லை. அந்நாட்டிற் பிறந்தவர் அந்நாட்டுக் குடிமகனே என்று நீதியரசர் ஸ்ரீபன் ஃபீல்ட் தீர்ப்பளித்த பின்னரே அப்பதினான்கு வயதுச் சிறுவன் தன் சொந்த மண்ணில் கால் வைக்க முடிந்தது. தான் அந்நியன் அல்லன் என்று நீதிமன்றத்தில் நிறுவிய அதே மனிதர், இருபத்திரண்டு ஆண்டுகளின் பின், தம் பேட்டை இயன்றவரை அந்நியமாகத் தோற்றமளித்தல் வேண்டும் என்று முடிவு செய்தார்.

இம்முடிவின் உட்பொருள் நுணுகி நோக்கற்பாலது. பழைய சீனர் பேட்டை பெரும்பாலும் சாதாரண அமெரிக்கச் செங்கற் கட்டடங்களாலேயே ஆனது. வளைந்த கூரைகளும் அடுக்குக் கோபுரங்களும் 1906க்குப் பின்னரே தோன்றின. சிங் சொங், சிங் ஃபற் என்னும் வாணிக நிலையங்களுக்குக் கட்டடங்களை அமைத்தோர் ரீ. பற்றர்சன் றொஸ் என்ற கட்டடக் கலைஞரும் ஏ. டபிள்யூ. பேர்க்றன் என்ற பொறியியலாளருமாவர். இவர்கள் இருவரும் சீனத்தைக் கண்டவர்களல்லர். சீனத்திற் சமயக் கட்டடங்களுக்கு உரிய கோபுரத்தை அவர்கள் கடைக்கு முடியாகச் சூட்டினர். பயணிகள் அதனைக் கண்டு சீனத்தின் தொன்மையை வியந்தனர். பேட்டைவாசிகளுக்கோ அது தங்கள் பாட்டன்மார் அறியாத சீனம். வெள்ளையரின் கனவை வெள்ளையரைக் கொண்டே வரையச் செய்து அவர்களுக்கே காட்டிய சீனம்.

இதனை வெறும் வணிகத் தந்திரம் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. நகரம் பெருமை கொள்ளும் ஒரு காட்சியை அந்நகரமே எளிதில் இடித்துத் தள்ளாது. தாம் துரத்தப்படாதிருத்தற்கு ஒரு காவலரணாகவே அம்முகப்பைச் சீனர் எழுப்பினர். அபினிக் கூடத்தைக் காட்டிப் பயணியை ஈர்த்தவர் வழிகாட்டிகள். கூரையைக் காட்டிப் பயணியை ஈர்த்தவர் பேட்டைவாசிகள். காட்சி பொய் என்பது இரண்டிலும் உண்மையே. ஆனால் பொய்யின் உடைமையாளர் மாறிவிட்டனர். 1915ஆம் ஆண்டுப் பனாமா பசிபிக் கண்காட்சியிலே ‘நிலத்தடிச் சீனர் பேட்டை’ என்ற பெயரிற் பழைய இழிகாட்சிகள் மீண்டும் மேடையேறியபோது, சீன அரசின் பிரதிநிதியும் சீன வர்த்தகரும் கண்டனம் தெரிவித்து அதனை மூடச் செய்தனர். பின்னர் சீனரின் பெயரும் உருவமும் நீக்கப்பட்டு வேறு பெயரில் அக்கூடாரம் திறக்கப்பட்டது. தம்மை யார், எவ்வாறு காட்டுவது என்பதிற் பேட்டைவாசிகள் பெற்ற இவ்வெற்றி சிறிதாயினும் பொருள் பொதிந்தது.

4. சாளரத்தின் இருபுறமும்

புதிய சீனர் பேட்டையில், பார்ப்பவனுக்கும் பார்க்கப்படுபவனுக்கும் இடையே ஒருவகை உடன்படிக்கை நிலவியது. 1909இல் வாஷிங்ரன் வீதியிலே கோபுர வடிவில் எழுந்த தொலைபேசி நிலையத்தைக் காணப் பயணிகள் கூட்டமாகச் சென்றனர். அங்கு பணிபுரிந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரரின் பெயர்களையும் இருப்பிடங்களையும் மனனஞ் செய்திருந்தனர். மனிதரை எண் சொல்லி அழைப்பது மரியாதையன்று என்று பேட்டைவாசிகள் கருதியமையே காரணம். பயணிகள் கூரையைப் பார்த்தனர்; உள்ளே நிகழ்ந்த நினைவாற்றலின் விந்தையை அறிந்தோர் சிலரே. அந்நிலையம் 1949இல் தானியங்கி முறை வந்தபோது மூடப்பட்டது.

1938இல் சார்லி லோ என்பவர் பேட்டைக்குச் சற்று வெளியே, சற்றர் வீதியில், ‘ஃபோபிடன் சிற்றி’ என்ற இரவு விடுதியைத் திறந்தார். அங்கு சீனப் பாடகர்கள் அமெரிக்கப் பாடல்களைப் பாடினர். சீன நடனமாதர் அமெரிக்க நடனங்களை ஆடினர். ஒருவர் ‘சீனச் சினாட்ரா’ என்றும் மற்றொருவர் ‘சீன அஸ்ரேயர்’ என்றும் விளம்பரப்படுத்தப்பட்டனர். அமெரிக்காவிலே வளர்ந்து ஆங்கிலம் பேசிய இவ்விளைஞர் ஆங்கிலத்திற் பாடியதைக் கேட்டு வெள்ளைப் பார்வையாளர் பெரிதும் வியந்தனர். அவ்வியப்பே கலைஞர்களின் நகைப்புக்குப் பொருளாயிற்று. மேடையேறியோருள் யப்பானிய, பிலிப்பைன் வமிசத்தவரும் இருந்தனர். பார்வையாளருக்கு அவர்கள் அனைவரும் சீனரே. பேட்டையின் முதியோரும் இவ்விடுதியை விரும்பவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். கால் தெரிய ஆடும் மகளிர் அவர்களுக்கு நகைப்புக்கு உரியவராகத் தோன்றவில்லை.

பார்க்கப்பட்டோரின் பார்வை நூல் வடிவம் பெற்ற அரிய சந்தர்ப்பங்களுள் ஒன்று ஜேட் ஸ்னோ வொங் 1950இல் வெளியிட்ட தன்வரலாறாகும். சீனர் பேட்டையிற் பிறந்து கல்லூரிப் பட்டம் பெற்ற இப்பெண்மணி, மட்கலம் வனைதலைத் தொழிலாகக் கொண்டு, கிராண்ட் அவென்யூக் கடையொன்றின் முன் சாளரத்திலே தம் சக்கரத்தை அமைத்தார். கண்ணாடிக்கு வெளியே வெள்ளையர் கூட்டங் கூட்டமாக நின்று பார்த்தனர்; பார்த்ததோடன்றி வாங்கவும் செய்தனர். சீன அயலவரோ, இவ்வளவு படித்துவிட்டுக் களிமண்ணைப் பிசைவதா என்று எள்ளி நகைத்தனர், ஒன்றையும் வாங்கவில்லை. ஆனால் அவர் அவ்வருவாயிலிருந்து மோட்டார் வண்டி வாங்கியபோது நகைப்பு அடங்கியது. பயணியின் பார்வையும் அயலவரின் பார்வையும் ஒரே சாளரத்தின் வழியே ஒருசேர வீழ்ந்தன. உள்ளிருந்தவர் இரண்டையும் கணக்கிட்டவாறே சக்கரத்தைச் சுழற்றினார்.

5. பஸ் வண்டிக்குக் காட்டிய கண்ணாடி

சீனர் பேட்டையின் வடக்கெல்லையை ஒட்டியது நோர்த் பீச். இத்தாலியர் வாழ்ந்த அப்பகுதியில் 1950களிலே கவிஞரும் ஓவியரும் குறைந்த வாடகைக்குக் குடிபுகுந்தனர். அவர்களுக்குப் ‘பீற்னிக்’ என்ற பெயரை 1958 ஏப்பிரலிற் பத்திரிகையாளர் ஹேர்ப் கேன் சூட்டியதும், தாடியையும் கறுப்பு உடையையும் காணப் பயணிகள் திரண்டனர். அங்கிருந்த மதுச்சாலை உரிமையாளர் ஒருவர், பீற்னிக் போன்று தோற்றமளித்த ஒருவரைச் சாளரத்தருகே அமர்ந்திருப்பதற்கென்றே அமர்த்தினார். பேட்டையின் பழைய ‘அபினிக்காரனுக்கு’ இவ்வாறு வெள்ளையருள்ளும் ஒரு வழித்தோன்றல் கிடைத்தான். அதே 1958இல் நோர்த் பீச் வாசிகள் எதிர்ச்சுற்றுலா ஒன்றையும் நடத்தினர். நகர மத்திக்குச் சென்று, உயர்தர விடுதியின் கூடத்திலும் ஆடம்பர அங்காடியிலும் நுழைந்து, அங்கிருந்த சீமான்களை விநோதப் பிராணிகளைப் போலச் சுற்றிப் பார்த்தனர்.

ஒன்பது ஆண்டுகளின் பின், நகரின் மேற்கே ஹெய்ற் ஆஷ்பரிப் பகுதியில் இவ்வரலாறு மீண்டது. 1967 சனவரி 14ஆம் திகதி கோல்டன் கேற் பூங்காவில் நிகழ்ந்த பெருங்கூட்டத்தின் பின்னர், ‘ஹிப்பிகள்’ எனப்பட்ட இளைஞரின் இருப்பிடமாக அது நாடெங்கும் பெயர் பெற்றது. அவ்வாண்டு ஏப்பிரலிற் கிரே லைன் நிறுவனம் அப்பகுதியூடாக உல்லாசப் பயண பஸ் சேவையொன்றைத் தொடங்கியது. அமெரிக்காவை விட்டு நீங்காமலே மேற்கொள்ளத்தக்க வெளிநாட்டுப் பயணம் என்று அதனை விளம்பரம் செய்தது. பஸ்ஸில் வந்தோர் சாளரங்களினூடே புகைப்படக் கருவிகளை நீட்டினர். வீதியில் நின்ற இளைஞரோ முகம் பார்க்கும் கண்ணாடிகளை எடுத்து வந்து பஸ்ஸின் சாளரங்களுக்கு நேரே பிடித்தனர். ஹிப்பியைக் காண வந்தவர் தம் முகத்தையே கண்டார். வாகன நெருக்கடியும் அயலவரின் முறையீடுகளும் சேர, சில வாரங்களில் அச்சேவை நிறுத்தப்பட்டது.

கண்ணாடி பிடித்த இந்நிகழ்ச்சி பலராலும் வியந்து பேசப்படுவது. அதன் நகைச்சுவை ஐயத்துக்கு இடமற்றது. ஆயினும் வரலாற்று நோக்கில் ஒரு வினா எழுகின்றது. டியூபொன்ட் வீதியில் நின்ற சீனர் ஒருவர், 1880களிலே தம்மைக் காண வந்த வெள்ளையரின் முகத்துக்கு நேரே இவ்வாறு கண்ணாடி பிடித்திருக்க முடியுமா? பிடித்திருப்பின் அவருக்கு நேர்ந்திருக்கக்கூடியது யாது?

6. நகைப்பின் விலை

ஹெய்ற் ஆஷ்பரி இளைஞரிற் பெரும்பாலோர் மத்தியதர வர்க்க வெள்ளைக் குடும்பங்களிலிருந்து வந்தோர். பஸ்ஸில் இருந்தோர் அவர்களின் பெற்றோர் தலைமுறையினர். காட்சிப் பொருளாதல் அவர்கள் தேர்ந்துகொண்ட நிலை; விரும்பினால் தலைமயிரை வெட்டிக்கொண்டு ஊர் திரும்புதலும் இயலும். பலர் திரும்பவும் செய்தனர். 1967 ஒக்டோபர் 6ஆம் திகதி, செய்தித் தாபனங்களால் உருவாக்கப்பட்ட ‘ஹிப்பி’ இறந்துவிட்டான் என்று அறிவித்து, அப்பகுதியினரே அவனுக்குச் சவப்பெட்டி சுமந்து ஊர்வலம் நடத்தினர். தம்மைப் பற்றிப் பிறர் புனைந்த உருவத்தைத் தாமே புதைக்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது.

சீனர் பேட்டையில் வாழ்ந்தோருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. தலைப்பின்னலை வெட்டினாலும் முகம் மாறாது. ஊர் திரும்பினால் மீண்டும் நுழைதல் அரிது. பேட்டையை விட்டு வேறிடத்தில் வீடு பெறுதலும் நெடுங்காலம் எளிதாயிருக்கவில்லை. எனவே அவர்களின் நகைப்பு வாய்விட்டு ஒலிக்கவில்லை. அது கூரையாக வளைந்தது, கடைப்பலகையாகத் தொங்கியது, மேடைப் பாடலாக ஒலித்தது. கொரிய யுத்தத்தின்போது, செஞ்சீனத்தின் ஒற்றர் என ஐயுறப்பட்ட காலத்தில், 1953இல் தம் புத்தாண்டு விழாவை அனைவரும் காணும் பெரும் ஊர்வலமாக அவர்கள் மாற்றியமைத்ததும் இதே வழியைப் பின்பற்றியே. ஆபத்து நெருங்கிய வேளைகளிலெல்லாம் அவர்கள் காட்சியை மேலும் பொலிவுறச் செய்தனர்.

இவ்வுபாயத்துக்கு ஒரு விலையும் இருந்தது. முகப்பு அழகாயிருந்தமையால், அதன் பின்னே ஒற்றை அறைகளிற் குடும்பங்கள் நெருங்கி வாழ்ந்தமையும், காசநோய் நகரின் ஏனைய பகுதிகளைவிட அங்கு மிக்கிருந்தமையும் வந்தவர் கண்ணிற் படவில்லை. 1951இற் பொது வீடமைப்புத் திட்டமாகப் பிங் யுவன் தொடர்மாடி திறக்கப்பட்டபோது, அதற்கும் சீன அலங்கார வாயிலொன்று வைக்கப்பட்டது. ஏழைக்குக் கூரை அமைத்தபோதும் பயணியின் கண்ணை மறத்தல் இயலவில்லை. 1970இல் கிராண்ட் அவென்யூவின் தொடக்கத்தில் டிராகன் வாயில் திறந்து வைக்கப்பட்டது. அங்கிருந்து சிறிது தூரத்தில், கேர்ணி வீதியில், இன்ரர்நஷனல் ஹோட்டல் என்னும் மலிந்த விடுதியிற் பிலிப்பினோ, சீன முதியோர் வாழ்ந்து வந்தனர். அவ்விடுதியை இடித்து நிலத்தை வேறு பயனுக்கு உட்படுத்த உரிமையாளர் முயன்றனர். பல ஆண்டுப் போராட்டத்தின் பின், 1977 ஓகஸ்ட் 4ஆம் திகதி அதிகாலையில், ஆயிரக்கணக்கான ஆதரவாளர் மனிதச் சுவராய் நின்றும், பொலிஸார் உள்ளே புகுந்து அம்முதியோரை வெளியேற்றினர். அவ்விடுதிக்கு வளைந்த கூரை இருக்கவில்லை. அதனைக் காண எப்பயணியும் வந்ததில்லை. 1906இல் முகப்பு அளித்த காவல், முகப்பற்றோரை எட்டவில்லை. அந்நிலத்தில் முதியோருக்கான புதிய வீடுகள் 2005இலேயே திறக்கப்பட்டன.

ஆகவே, தன் வீதியில் உலாவரும் அந்நியனைக் கண்டு நகரவாசி கொள்ளும் நகைப்பை வெறும் வேடிக்கையாக மாத்திரம் கொள்ளுதல் வரலாற்றுக்குப் போதாது. யார் வெளிப்படையாக நகைத்தனர், யார் உள்ளே நகைத்தனர், நகைத்தபின் யாரால் அவ்விடத்தில் தொடர்ந்து வாழ முடிந்தது என்பனவும் வினவப்படல் வேண்டும். கண்ணாடி பிடித்த இளைஞரின் ஹெய்ற் வீதியிலே இன்று அவர்களின் நிறச்சாய உடைகள் பயணிகளுக்கு விற்கப்படுகின்றன. கண்ணாடி பிடிக்க முடியாதிருந்த சீனர் பேட்டையிலோ மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர்.

அப்பேட்டையின் பிரதான வீதிக்கு நெருப்பின் பின்னர் மாநகரம் கிராண்ட் அவென்யூ என்று புதுப்பெயர் சூட்டியது. பயணிகளின் படங்களில் அப்பெயரே காணப்படுகின்றது. ஆனால் காந்தோனியம் பேசும் முதியோர் அதனை இன்றும் ‘டூ பான் காய்’, அதாவது டியூபொன்ட் வீதி, என்றே வழங்குகின்றனர். வீதிப் பலகையிற் சீன எழுத்திற் பொறிக்கப்பட்டிருப்பதும் அப்பழைய பெயரே. அதன் கீழே நின்று படம் பிடிப்போர் நாடோறும் பலர். அப்பலகை இரு வேறு பெயர்களைக் கூறுகின்றது என்பதை அறிந்து செல்வோர் சிலரே.